இரண்டு கோடு உப்பு

ஆடி பிறந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை வரைக்கும் செலஸ்தீன் வீட்டில் மாவைத் தவிர வேறெதுவும் பொங்கியதில்லை. புருஷன் இன்னாசி நோணாங்குப்பத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். நாளெல்லாம் மோட்டார் சத்தம் கேட்டுக் கேட்டு, வீட்டில் குரல் உயர்த்துகிற ஆசையே அற்றுப்போனவர். மகள் பெர்னதேத் கல்லூரியில் இரண்டாம் வருஷம். வீட்டில் சத்தம் என்றால் அது முன்னறையில் சுற்றும் மூன்று கிரைண்டர்களுடையதுதான்.

கருவடிக்குப்பத்தில் பழைய ஓட்டு வீடுகள் முடிந்து புது அடுக்குமாடிகள் ஆரம்பிக்கிற முனையில் இருந்தது அந்த வாடகை வீடு. பெயர்ப் பலகை கிடையாது. "மாவுக்கார அக்கா வூடு" என்றால் ஆட்டோக்காரரிலிருந்து கூரியர்காரர் வரை கை காட்டுவார்கள். காலையில் அரிசியும் உளுந்தும் ஊறும். பதினொரு மணிக்குக் கிரைண்டர் சுற்ற ஆரம்பிக்கும். மூன்று மணிக்கு மாவு எவர்சில்வர் டிரம்மில் இறங்கும். ஐந்து மணிக்கு மேல் தெருப் பெண்கள் தூக்குச்சட்டியோடு வருவார்கள். அடுக்குமாடிக்காரர்கள் போனில் எழுதிவிட்டு ஆள் அனுப்புவார்கள்.

டிரம்மில் மாவு இறங்கியதும் செலஸ்தீன் உப்புச் சட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி கல்லுப்பை அள்ளுவாள். டிரம்மின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு ஒரு கோடு. பிறகு குறுக்கே இன்னொரு கோடு. விரலிடுக்கில் உப்பு உதிர உதிர உதடு அசையும். "இன்னிக்கும் அரைக்கக் குடுத்த, உனக்குத் தோத்திரம்." அடுத்த நொடி முழங்கை வரை கையை விட்டுக் கலக்கிவிடுவாள். வெள்ளை மாவில் வெள்ளை உப்பு. பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக்கூட அவள் கை ஏதோ அசைந்தது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

சின்ன வயதில் கன்னியர் மடத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அங்கே ரொட்டி மாவு பிசைகிற சிஸ்டர், "மெர்சி, போன் தியூ" என்று ஆண்டவருக்குப் பாதிப் பிரெஞ்சில் நன்றி முணுமுணுத்துக்கொண்டு உப்பை இப்படித்தான் போடுவாள். செலஸ்தீனுக்குப் பிரெஞ்சு ஒட்டவில்லை, உப்பு ஒட்டிக்கொண்டது. சின்னப் பாத்திரத்துக்குச் சின்னக் கோடு, பெரிய டிரம்முக்கு நீளக் கோடு. கரண்டி, தராசு எதையும் அவள் உப்புக்கென்று தொட்டதில்லை.

தெருக்கோடியில் முத்தாலம்மன் கோயில். ஆடி மூன்றாவது ஞாயிறு அங்கே கூழ் வார்ப்பார்கள். அந்தக் கூழுக்குக் கேழ்வரகு அரைத்துப் புளிக்கவைத்துக் கொடுப்பது செலஸ்தீன். பதினொரு வருஷமாக. அவள் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், கூழ் காய்ச்சுகிற அஞ்சலாட்சி, மெஷின் ரிப்பேர் என்று ஊறிய கேழ்வரகோடு வாசலில் வந்து நின்றாள். செலஸ்தீன் அரைத்துக் கொடுத்தாள். கூழ் வழவழவென்று பதமாகப் புளித்து வந்தது. அடுத்த வருஷம் மெஷின் நன்றாகத்தான் ஓடியது, ஆனாலும் அஞ்சலாட்சி இங்கேதான் வந்தாள்.

அம்மனுக்குப் படைத்து முடித்ததும் கோயில் குழுத் தலைவர் ஜானகிராமன் அகப்பையைப் பிடித்துக்கொண்டு உரக்கக் கேட்பார்: "மாவு அரைச்ச வூட்டு செம்பு எங்கப்பா?" கூட்டம் விலகி வழிவிடும். முதல் செம்பு செலஸ்தீனுடையது. அதற்குப் பிறகுதான் ஊருக்கு. வருஷத்தில் ஒரு நாள், ஒரு நிமிஷம். கிறிஸ்துமஸுக்குப் புதுச்சேலை கட்டி நிற்கும்போதுகூட அவளுக்கு அப்படி நெஞ்சு நிறைந்ததில்லை. பங்குக் கோயிலில் ஜெபக்குழு நடத்துகிற அம்மா ஒருத்தி, "சிலைக்குப் படைக்கிறதுக்கு நீ மாவு அரைக்கலாமா?" என்று கேட்டதுண்டு. "பசிக்கிறவங்க குடிக்கிறாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இந்த வருஷம்தான் பெர்னதேத்துக்கு அந்த யோசனை வந்தது.

"எல்லாரும் வீடியோ போடுறாங்கம்மா. சுத்தமா செய்றோம்னு நாமளும் காட்டணும்ல? ஆடி மாசம், கூழ் மாவு ஆர்டர் வரும்."

"என் மூஞ்சி வரக்கூடாது."

"கைதான். கை மட்டும்."

கைதான் வந்தது. கழுவிய தரை, துடைத்த கிரைண்டர், கறுத்த செம்மண் நிறத்தில் கேழ்வரகு மாவு, அதன் மேல் உப்பு. கறுத்த மாவில் அது பளீரென்று விழுந்தது. இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. இரண்டே நொடி. பிறகு கை இறங்கிக் கலக்கியது. பின்னால் ரேடியோவில் மாதா பாட்டு. பெர்னதேத் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் போட்டாள். அவள் கண்ணுக்கு உப்பு உப்பாகத்தான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கிற கை.

வியாழக்கிழமை மாவு வாங்குகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது, வெள்ளிக்கிழமை காலைக்குள் அடுக்குமாடி குரூப்புக்குப் போய், அங்கிருந்து கோயில் குரூப்புக்கு வந்துவிட்டது. வரும் வழியில் அதற்குத் தலையில் ஒரு வரி முளைத்திருந்தது: 'நம்ம அம்மன் கூழ்ல என்ன கலக்குறாங்கன்னு நீங்களே பாருங்க.'

மதியம் ஜானகிராமன் வந்தார். எப்போதும் வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு "ஒரு வாய் தண்ணி குடும்மா" என்று உள்ளே வருகிறவர், அன்றைக்குச் செருப்போடு வெளியே நின்றார்.

"வாங்கண்ணே. ஏன் வெயில்ல நிக்கிறீங்க?"

"இல்லம்மா, போவணும்." துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஆடிக் காற்று துண்டின் நுனியை அவர் முகத்திலேயே அடித்தது. "அந்த வீடியோ..."

"பாப்பா போட்டது. எடுத்துட்டாண்ணே."

"நீங்க எடுத்துட்டீங்க. அவங்க எடுக்கல. அது சிலுவதானே?"

"ஆமாண்ணே."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று அவள் சொல்லிவிடுவாள், கேட்டுக்கொண்டு போய்விடலாம் என்று வந்தவர் போலிருந்தது.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான். இட்லி மாவுலயும். சாமிக்கு ஒரு நன்றி சொல்லிட்டு உப்பு போடுவேன். வேற ஒண்ணுமில்லண்ணே."

"எனக்குத் தெரியாதாம்மா உன்ன? நீ மருந்தா வச்சிடப் போற? ஆனா இந்த ராஜவேலுன்னு ஒருத்தர், மூணாவது மாடி, கம்பெனில சூப்பர்வைசர். அவருதான் ஆரம்பிச்சி வச்சாரு. நேர்ல மரியாதையாத்தான் பேசறாரு. 'அந்த அக்கா மேல ஒண்ணுமில்ல, ஆனா நம்ம நைவேத்தியத்துல அவங்க ஜெபம் எதுக்கு'ன்றாரு. பத்து பேரு ஆமான்றான். நான் இன்னா செய்ய?" குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணு. இனிமே போட மாட்டேன்னு குரூப்புல ஒரே ஒரு வார்த்த, வாய்ஸ்ல போட்டுடு. அத வச்சி நான் பேசிக்கிறேன். இல்லன்னா இந்த வருசம் பாக்கெட் மாவு வாங்கிக்கலாம்னு முடிவாயிடும்."

அவர் போனதும் செலஸ்தீன் கிரைண்டரில் அடுத்த ஈடு போட மறந்து நின்றாள். உளுந்து நுரைத்துக் கிடந்தது. அன்று மாலை அடுக்குமாடியிலிருந்து ஒரு ஆள் மட்டும் வந்தான், இருபது வீட்டுப் பையோடு வருகிற இடத்தில் எட்டு வீட்டுப் பையோடு.

இன்னாசி ஆறு மணிக்கு வந்தார். காற்று அதிகம் என்று கடற்கரைப் பக்கம் படகு விடவில்லை. கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகுக் களியும் தட்டில் இருந்தன. சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"சொல்லிட்டுப் போயேன். உப்புலயா இருக்காரு ஆண்டவரு?"

"அப்பா!" பெர்னதேத் தட்டைத் தள்ளினாள். "இதுக்குப் பேரு என்ன தெரியுமா? பாகுபாடு. போன மாசம் என் ஃப்ரெண்டு வீட்டுல வாடகைக்குப் போனாங்க. பேரைக் கேட்டுட்டு வீடு குடுத்தாச்சுன்னுட்டாங்க. மறுநாள் அதே வீட்டுக்கு டூ-லெட் போர்டு தொங்குது."

"என்னை எவன் இன்னா பண்ணான்? ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறேன், வரேன். ஜானகிராமன் வூட்டு கல்யாணத்துல பந்தி பரிமாறுனேன்."

"அதெல்லாம் அப்ப."

"எப்ப? தையில நடந்த கல்யாணம்மா அது."

பெர்னதேத்துக்கு அழுகை வந்தது. அழுகைக்குக் காரணம் பாகுபாடு இல்லை, வீடியோ. அது அம்மாவுக்கும் தெரிந்தது, அப்பாவுக்கும் தெரிந்தது.

இன்னாசி களியை உருட்டிக் குழம்பில் தோய்த்தார். "நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நம்ம கோயில்ல பூசைக்கு அப்பம் சுடுற எடத்துல, ஒருத்தர் நல்ல மனசோடதான் ஒரு துளி விபூதிய மாவுல போடுறாருன்னு வச்சிக்க. சாமியாரு அத குடுக்கறப்ப நீ நாக்க நீட்டுவியா?"

செலஸ்தீன் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். கேள்வி நியாயமாக இருந்தது. அதுதான் வலித்தது. ராஜவேல் ஒரு கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

இது அவளுக்கு முதல் தடவையும் இல்லை. விழுப்புரம் பக்கத்தில் அவள் பிறந்த ஊரில் கோயில் ஒன்றுதான், சாமி ஒன்றுதான், உட்காருகிற இடம்தான் ரெண்டு. அவள் கல்யாண விருந்துக்கு மேலத்தெருக் கிறிஸ்தவர்கள் மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனார்கள். அந்தச் சோற்றிலும் இதே சிலுவைதான் இருந்தது. அதனால்தானோ என்னவோ, முத்தாலம்மன் கோயில் வாசலில் "செம்பு எங்கப்பா" என்ற குரல் அவளுக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

"போடலன்னு சொல்லிடு, போட்டுக்கோ" என்றார் இன்னாசி கையைக் கழுவிக்கொண்டே. "வெள்ள மாவுல எவனுக்குத் தெரியும்? பதினோரு வருசம் தெரியலியே."

"பதினோரு வருசம் நான் மறைக்கலீங்க. அவங்க பாக்கல. இனிமே போட்டா அது மறைக்கிறது."

சனி, ஞாயிறு, திங்கள் போனது. மூன்று மணி ஆனால் முன்கதவைச் சாத்திவிட்டு உப்புப் போட ஆரம்பித்தாள். கதவு சாத்திய அறையில் தோத்திரம் சொன்னால் அது தோத்திரம் மாதிரியே இல்லை. திருட்டு மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை, சரி, விட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றியது. சொல்கிறபடியே போடாமல் இருந்துவிட்டால் குரூப்பில் சொல்லுவது பொய்யாகாது. ஒரு பிடி உப்பை அள்ளி டிரம்மின் நடுவில் பொத்தென்று போட்டாள். போதுமா? தெரியவில்லை. இன்னொரு பிடி. அப்போதும் தெரியவில்லை. இத்தனை வருஷம் கை கோடு போட்டது, கோடுதான் அளந்தது. கோடு இல்லாமல் அது அளவு தெரியாத பச்சைப் பிள்ளையின் கையாக இருந்தது. அரைப் பிடி சேர்த்துக் கலக்கிவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜஹபர் நிஷா ஒரு தட்டில் நான்கு இட்லியோடு வந்தாள். எதிர்வரிசையில் தையல் மெஷின் போட்டிருக்கிறவள். அவள் புருஷன் அப்துல் மாலிக்குக்குப் பெரிய மார்க்கெட்டில் பாத்திரக் கடை.

"அக்கா, இத ஒரு வாய் தின்னு."

செலஸ்தீன் பிய்த்து வாயில் போட்டாள். முகம் சுருங்கியது.

"உன் வூட்டுக்காரரு படகுலேர்ந்து தண்ணி மொண்டாந்து அரைச்சியா? எங்க வூட்டுல அவரு ரெண்டு துண்டு தின்னுட்டு ஒரு கொடம் தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்காரு. 'மாவுக்காரம்மா யாரையோ பழிவாங்குறாங்க, அது நாம இல்லன்னு சொல்லிட்டு வா'ன்னாரு."

செலஸ்தீன் சிரித்தாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. சிரிப்போடு சேர்ந்து கண்ணீரும் கொட்டிவிட்டது. நடந்ததைச் சொன்னாள்.

நிஷா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிரைண்டர் பக்கத்தில் குந்தினாள். "இப்பத்தான் உங்களுக்கு வந்துச்சா? வாங்க, வாங்க. எங்க பக்கத்துல எடம் நெறைய இருக்குது, உக்காருங்க."

"கிண்டல் பண்ணாத நிஷா."

"அழுதா தீருமா? கிண்டல்தான் பண்ணணும். கொரோனா வந்தப்ப என் கிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுத்தவங்க பாதிப் பேரு துணிய திருப்பி வாங்கிக்கினு போனாங்க. ஊசிலயா கொரோனா இருக்குது? ஆறு மாசம். அப்புறம் ஒருத்தி வந்தா. 'வேற எடத்துல தைச்சேன், கைப்பட்ட பிடிக்குது'ன்னா. அப்புறம் நாலு பேரு. மீதிப் பேரு வரவே இல்ல. வந்தவங்களுக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிட்டு தைச்சிக் குடுத்தேன். வராதவங்களையே நெனச்சிக்கினு இருந்தா ஊசி கைல ஏறிடும்."

"நான் சொல்லிடட்டுமா? போடலன்னு?"

"எனக்குத் தெரியாதுக்கா. ஆனா ஒண்ணு. நான் அல்லா பேர நெனச்சி பிஸ்மி சொல்லாம கத்தரிக்கோல் எடுக்க மாட்டேன். அவங்க ஜாக்கெட்டு அத்தனையும் பிஸ்மி சொல்லி வெட்டுனதுதான். நல்ல வேள, துணில அது தெரியாது." எழுந்து தட்டை எடுத்தாள். "இன்னிக்கு மாவுல மட்டும் பழையபடி கைய வை. உனக்குப் புண்ணியமாப் போவும். எம்புருசனால சமுத்திரத்த குடிக்க முடியாது."

அன்று மதியம் பெர்னதேத் போனை நீட்டினாள். செலஸ்தீன் அதை உப்புச் சட்டி மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஜானகிராமனுக்கு மட்டும்தான் பேசி அனுப்பினாள்.

"அண்ணே, செலஸ்தீன் பேசறேன். போடாம பாத்தேண்ணே. முடியல. மாவு கெட்டுப்போச்சி. போட்டுட்டு போடலன்னு சொல்லவும் மனசு வரல. அவங்க கேக்கறது தப்புன்னு நான் சொல்லல. அவங்க சாமி, அவங்க கூழு. இந்த வருசம் நீங்க வேற மாவு பாத்துக்கோங்க. இத்தன வருசம் என்ன அரைக்க விட்டீங்களே, அதுவே எனக்குப் பெருசுண்ணே. அவ்ளோதான்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலே பரணில் துணி சுற்றி வைத்திருந்த செம்பை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினாள். வருஷா வருஷம் கூழ் வாங்கப் போவதற்கு முந்தின வாரம் துலக்குவது. இந்த வருஷம் எதற்கு என்று பெர்னதேத் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்ற சத்தம். "ஏ செலஸ்தீனு! ஒரு கை புடி!"

அஞ்சலாட்சி. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கிற நீலப் புடவையோடே வந்திருந்தாள். ஆட்டோவில் மூன்று அண்டா. மூன்றிலும் ஊறிய கேழ்வரகு.

"யக்கா, இது..."

"நேத்து மதியமே ஊறப் போட்டுட்டேன். டூட்டிக்கு அரை நாள் லீவு சொல்லிட்டு வந்துருக்கேன். பாத்துக்கினு நிக்காத, புளிச்சிடப் போவுது."

"ஜானகிராமண்ணன் கிட்ட நான் வேணாம்னு சொல்லிட்டேங்க்கா."

"கேட்டேன். மீட்டிங்குல எல்லாருக்கும் போட்டுக் காட்டுனாரு. அவரு கண்ணு கலங்கிப் போச்சி. அந்தாளுக்கு எதுக்கும் கலங்கும், அத்த உடு." அண்டாவின் ஒரு காதைப் பிடித்து இழுத்தாள். "பாக்கெட் மாவு நாலு மூட்ட வாங்கி வச்சிருந்தாங்க. நல்லதுப்பா, நீங்களே காய்ச்சிக்கோங்கன்னுட்டேன். பதினஞ்சி ஆம்பளைங்க குந்தியிருந்தாங்க. துடுப்ப எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல."

"அந்த ராஜவேலு சார்?"

"இருந்தாரு. 'கொள்கைன்னு ஒண்ணு இருக்குதும்மா'ன்னாரு. இருக்கட்டும் சார், நான் வேணான்னு சொல்லலியே, உங்க கொள்கைய நீங்க வச்சிக்கோங்க, எனக்குப் புளிச்ச மாவு வேணும், அது அவ கையிலதான் புளிக்குதுன்னேன். அப்புறம் போனப் பாத்துக்கினு குந்திட்டாரு."

"முடிவா என்னதான் சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அதுக்குள்ள டீ வந்துடிச்சி."

மூன்று கிரைண்டரும் ஓடின. கேழ்வரகு அரைபடும் வாசம், மழை விழுந்த மண் மாதிரி, அறை முழுக்க ஏறியது. வெளியே காற்று முருங்கை மரத்தைப் போட்டு உலுக்கியது. மின்சாரம் ஒரு தடவை போய், இரண்டு பெண்களும் மேலே பார்த்துக் கும்பிட்டதும் திரும்ப வந்தது. யார் சாமி கொண்டுவந்தது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு மாவு அண்டாக்களில் இறங்கியது. செலஸ்தீன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"இன்னாத்துக்கு மூடற? சாராயமா காய்ச்சற?"

"இல்லக்கா, உப்பு..."

அஞ்சலாட்சி எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் இரண்டு கதவையும் சுவரோடு சுவராகத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் அம்மிக் குழவியை முட்டுக் கொடுத்தாள்.

"மொத வருசமே பாத்துட்டேன்டி நானு" என்றாள் திரும்பி வந்து உட்கார்ந்து. "கேழ்வரகுல பளிச்சினு தெரிஞ்சிது. இவ ஏதோ அவ சாமிய கும்புட்டுட்டுக் கைய வைக்கிறா. கும்புடாம கைய வைக்கிறவளுக்கு இது எவ்ளவோ தேவலன்னு நெனச்சிக்கினேன். நான் மட்டும் இன்னா? இதே அண்டாவ அடுப்புல ஏத்தறதுக்கு மின்ன கற்பூரம் கொளுத்தி மூணு சுத்து சுத்துவேன். நீ அந்தக் கூழத்தானே செம்பு செம்பா வாங்கிக்கினு போய்க் குடிச்ச? உன் சாமி கோச்சிக்கிச்சா?"

"இல்லக்கா."

"அப்ப எங்காத்தாளுக்கு மட்டும் மூக்குமேல கோவமா? போடு, நேரமாவுது."

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். செலஸ்தீன் உப்பை அள்ளினாள். அண்டாவின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு ஒரு கோடு. குறுக்கே ஒரு கோடு. வாய்க்கு வழக்கமான வார்த்தை வரவில்லை. "இவங்களுக்காக" என்று மட்டும் வந்தது. அதோடு கையை இறக்கிக் கலக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்ததும், போகலாமா வேண்டாமா என்று செம்பை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மாவுதான் போயிற்று, ஆள் எதற்கு? அரைக்கச் சொன்னது அஞ்சலாட்சி. குழு ஒன்றும் சொல்லவில்லை. போய் நின்று, அந்தக் குரல் வராமல் போனால்?

"வாம்மா" என்றாள் பெர்னதேத். "நான் வரேன் கூட."

"வேணாம். நீ போனும் கையுமா வருவ."

"இல்ல. போன் வச்சிட்டு வரேன்."

கோயில் வாசலில் சாமியானா காற்றில் உப்பி உப்பி இறங்கியது. ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், வெங்காயம், கருவாட்டுக் குழம்பின் மணம். வரிசையில் குடம், டிபன் பாக்ஸ், பிளாஸ்டிக் வாளி. செலஸ்தீன் கடைசியில், பெட்டிக்கடை நிழலில், செம்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். அடுப்புப் பக்கம் அஞ்சலாட்சி வியர்த்து வழிய நின்றிருந்தாள். ராஜவேல் வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு, தண்ணீர்ப் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சிவசங்கரி வரிசையின் நடுவில் தூக்கோடு நின்றாள்.

பூசாரி அம்மனுக்கு வார்த்தார். குலவை எழுந்து அடங்கியது. ஜானகிராமன் அகப்பையைக் கையில் எடுத்தார். அண்டாவில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். நிமிர்ந்தார். ராஜவேலைப் பார்த்தார். அடுப்புப் பக்கம் பார்த்தார். அகப்பையை இன்னொரு சுற்றுச் சுற்றினார். வரிசையில் முன்னால் நின்றவன் குடத்தை நீட்டினான்.

"இருப்பா" என்றார் ஜானகிராமன். தொண்டையைச் செருமினார். "மாவு அரைச்ச வூட்டு செம்பு எங்கப்பா?"

போன வருஷம் மாதிரி தெருக்கோடி வரை போகிற குரல் இல்லை அது. கொஞ்சம் சின்னக் குரல்தான். ஆனால் பெட்டிக்கடை நிழல் வரை கேட்டது.

செலஸ்தீன் முந்தானைக்குள்ளிருந்து செம்பை எடுத்தாள். பெர்னதேத் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். கூட்டம் விலகியது. எல்லாரும் விலகினார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு பேர் அசையாமல் நின்றார்கள், அவர்களைச் சுற்றிக்கொண்டு போனாள். நடுவில் சிவசங்கரி தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி ஒதுங்கி, புருஷன் பக்கம் பார்க்காமல், "போங்கக்கா" என்றாள்.

ராஜவேல் தண்ணீர்ப் பந்தலில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. தடுக்கவும் இல்லை.

செம்பு நிறைந்தது. ஜானகிராமன் மேலே கொஞ்சம் வெங்காயத்தைத் தூவினார். "தண்ணி குடிக்க வரேம்மா, நாளைக்கு" என்றார், யாருக்கும் கேட்காமல்.

அடுக்குமாடியில் சில வீடுகள் அதற்குப் பிறகும் மாவு வாங்கவில்லை. சில வீட்டுக்காரர்கள் அக்கம்பக்கத்தில் நிஷா வீட்டுக்கு என்று சொல்லிக்கொண்டு தங்களுக்கு வாங்கிப்போனார்கள். பெர்னதேத் அப்பாவோடு அதைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு, அந்த வெயிலில், செலஸ்தீன் வீடு வரைக்கும் பொறுக்கவில்லை. அடுப்புப் புகைக்குப் பக்கத்திலேயே நின்று, "ஆண்டவரே, இத்தன பேர குடுத்திருக்க எனக்கு" என்று செம்பைத் தூக்கினாள். அஞ்சலாட்சி துடுப்பை ஊன்றிக்கொண்டு அவள் வாயையே பார்த்தாள்.

"எப்டி இருக்குது?"

செலஸ்தீன் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்பு சரியா இருக்குதுக்கா" என்றாள்.